நாம் இல்லாதபோது படிக்கப்படும் பக்கம்

(ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். கணினியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் படகில் இருந்துதான் தொடங்கப்போகிறேன்.

நான் பிறந்தது இதே கல்மண்டபத்தில். என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படகு கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வரும். நடுக்கடலில் டீசல் தீர்ந்து, மாற்று கேனிலிருந்து ஊற்றினாலும் இன்ஜின் உடனே எடுக்காது. டீசல் போகும் குழாயில் காற்று புகுந்திருக்கும். அந்தக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவர் படகில் இருந்தால் பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துவர வேண்டும்.

அப்பா ஒரு படகின் இன்ஜின் அறையில் பலகை ஒன்றை அடித்து, பெயின்ட்டால் ஐந்து வரி எழுதிவைத்தார். டேங்க் வால்வைத் திற. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்து. நுரை நின்று சுத்தமாக டீசல் வரும்வரை கைப்பம்பை அடி. அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்கு. ஐந்தாவது வரி இது: கேஜ் கால் காட்டினால் டேங்க் காலி, நம்பாதே.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. “ஏம்ப்பா, கேஜ் தப்பா காட்டுதுன்னு நாமளே எழுதி வெச்சா நம்ம வேலையத்தானே தப்பா சொல்லுவாங்க?” என்று கேட்டேன். அப்பா சிரித்தார். “அத மாத்துறதுக்கு ஓனர் இன்னும் காசு குடுக்கலம்மா. அதுவரைக்கும் அது பொய்தான் சொல்லும். நடுக்கடல்ல போய் அவன் என்னாண்ட கேக்க முடியுமா? நான் கூட வர மாட்டேன், பலகை வரும்” என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. புரிந்த விதமும் நல்ல விதம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை

நான் வேலை பார்த்த பள்ளியின் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் இயக்க அமைப்பு இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு என்று படிக்கிறோமே, அந்தக் குடும்பம். மாணவர்கள் பைத்தான் நிரல்களை ஆளுக்கொரு கணினியில் எழுதுவார்கள். அவற்றை வாரந்தோறும் ஒரு சேவையகத்துக்கு நகலெடுக்கச் சிறிய நிரல் ஒன்றை நானே எழுதியிருந்தேன். பெயர் ‘சேமி’. அந்தப் பெயரைத் தட்டி, பக்கத்தில் இரண்டு கோப்புறைகளின் பெயரைக் கொடுக்க வேண்டும். முதலில் கொடுப்பது எங்கிருந்து, இரண்டாவது எங்கே. இரண்டாவதை முதலாவதைப் போலவே அச்சு அசலாக ஆக்கிவிடும். முதலாவதில் இல்லாத கோப்பு இரண்டாவதில் இருந்தால் அதை நீக்கிவிடும். பழைய குப்பை சேராமல் இருக்க அப்படி எழுதியிருந்தேன். மிக நன்றாக வேலை செய்தது, நான் இருந்தவரை.

மகப்பேறு விடுப்பில் போனேன். கணினி வகுப்பைப் பார்த்துக்கொள்ள முன்வந்தவர் ஒரு கணித ஆசிரியர். அக்கறையானவர். “வெள்ளிக்கிழமை ‘சேமி’ ஓட்டவும்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கட்டளையையும் எழுதிக் கொடுத்தேன். அவரும் வாரம் தவறாமல் செய்தார்.

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆய்வகக் கணினிகள் சிலவற்றில் பழுது. இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவினார்கள். மாணவர் கோப்புறைகள் எல்லாம் வெறுமையாகிவிட்டன. அவர் பதறவில்லை, சேவையகத்தில்தான் நகல் இருக்கிறதே. அதைத் திரும்பக் கொண்டுவர நினைத்தார். இதில் போடு, அதிலிருந்து எடுத்து என்று மனத்தில் ஓடிய வரிசையிலேயே பெயர்களைக் கொடுத்தார். வெறுமையான கோப்புறை முதலில், சேவையகம் இரண்டாவது. என் நிரல் சொன்னபடி கேட்டது. சேவையகத்தையும் அச்சு அசலாக வெறுமையாக்கியது. ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று மாலை எனக்கு அழைப்பு வந்தது. மடியில் குழந்தை. “மேடம், ‘சேமி’யில எதை முதல்ல போடணும்?” என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதுமே அவர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்று தெரிந்துவிட்டது.

முப்பது மாணவர்களுக்கு மேல் செய்முறைப் பயிற்சிகளை மறுபடி தட்டினார்கள். தேர்வில் எல்லோரும் தேறினார்கள். கணக்குப்படி இழப்பு இல்லை. ஆனால் அதில் ஒரு மாணவி இருந்தாள். அவள் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். எந்த ஏலத்தில் என்ன விலைக்கு எடுத்தது, ஐஸுக்கு எவ்வளவு, யார் பாக்கி என்று அம்மாவுக்காக ஒரு கணக்கு நிரலை அந்தப் பெண் நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வுக்காக இல்லை, தன் வீட்டுக்காக. வீட்டில் கணினி கிடையாது. அந்த நிரலும் போனது. நான் பணிக்குத் திரும்பியபின் அவளை அழைத்து, மறுபடி எழுதலாம், நானும் உட்காருகிறேன் என்றேன். “எது எங்க இருந்துச்சுன்னே மறந்துபோச்சு மிஸ்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நிரல் பிறகு எழுதப்படவே இல்லை.

கணித ஆசிரியர் தன்மேல் தவறு என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது இல்லை. கேட்டு அறிய நான் அருகில் இல்லை, படித்து அறிய பலகையும் இல்லை.

1971-இல் ஒரு கையேடு

லினக்ஸ் போன்ற அமைப்புகளுக்கெல்லாம் மூதாதை யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கியது. அதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்தக் கட்டளையைப் பற்றி அறிய வேண்டுமானாலும் ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் அந்தக் கட்டளையின் பெயரைத் தட்டினால் போதும். அதற்கான கையேட்டுப் பக்கம் திரையில் வரும். இணையம் வேண்டாம், ஆளும் வேண்டாம். மேன் என்பது மேனுவல் என்பதன் சுருக்கம்.

அந்தக் கையேட்டின் முதல் பதிப்பில் உள்ள தேதி 1971 நவம்பர் 3. தாம்சனும் ரிச்சியும் எழுதினார்கள், எழுதச் சொல்லி வற்புறுத்தியவர் அவர்களது துறைத் தலைவர் டக் மெக்கில்ராய். ஒவ்வொரு பக்கமும் ஒரே சட்டகத்தில் இருக்கும். பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைச் செய்திகள், குறைகள், உரியவர். இதில் ஏழாவது தலைப்பைக் கவனியுங்கள். குறைகள். தாங்கள் எழுதிய நிரலில் எது சரியில்லை என்று தாங்களே அச்சில் ஒப்புக்கொள்ளும் இடம். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தத் தலைப்பு கையேட்டுப் பக்கங்களில் நீடிக்கிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் ஐந்தாவது வரி நினைவுக்கு வந்தது.

‘சேமி’க்கு ஒரு கையேட்டுப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம்தானே, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

எழுதக் கற்றது

முதலில் பெயர். இது ஒரே வரி. நிரலின் பெயர், ஒரு சிறு கோடு, பிறகு அது என்ன செய்கிறது என்பது. இந்த ஒரு வரியை மட்டும் கணினி தனியாகத் திரட்டி வைத்துக்கொள்ளும். நிரலின் பெயர் தெரியாதவர் ‘நகல்’ என்று தேடினால் இந்த வரிகளில்தான் தேடும். ஆகவே தேடுபவர் நினைக்கக்கூடிய சொல் அதில் இருந்தாக வேண்டும். நான் முதலில் எழுதியது: “மாணவர் கோப்புகளைப் பாதுகாக்கும் எளிய கருவி.” படித்துப் பார்த்தேன். பூட்டும் பாதுகாக்கும், பீரோவும் பாதுகாக்கும். அழிக்கும் என்ற செய்தியே இல்லை. கடைசியில் எழுதியது: “ஒரு கோப்புறையைப் போலவே மற்றொன்றை ஆக்கும், மிகுதியானவற்றை நீக்கும்.” இந்த ஒரு வரி அந்தத் துண்டுச் சீட்டில் இருந்திருந்தால் அவர் ஒரு நிமிடமாவது தயங்கியிருப்பார்.

அடுத்து, பயன்படுத்தும் வடிவம். அப்படியே தட்ட வேண்டிய சொல் தடித்த எழுத்தில் இருக்கும். நாம் நிரப்ப வேண்டிய இடம் சாய்வெழுத்தில் அல்லது அடிக்கோட்டுடன் இருக்கும். விரும்பினால் சேர்க்கலாம், விட்டாலும் தவறில்லை என்பதைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். நான் நிரப்ப வேண்டிய இரண்டு இடங்களுக்கும் ‘கோப்புறை 1’, ‘கோப்புறை 2’ என்று பெயரிட்டிருந்தேன். குழப்பத்தின் வேரே அதுதான். ‘எங்கிருந்து’, ‘எங்கே’ என்று மாற்றினேன்.

பிறகு விளக்கம். எழுதி முடித்ததை எங்கள் பள்ளித் தமிழாசிரியையிடம் காட்டினேன். கணினி பற்றி அவருக்கு ஆர்வம் இல்லை, அதனால்தான் காட்டினேன். பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். “கோப்புறைன்னு ஒரு இடத்துல சொல்றீங்க, அடைவுன்னு ஒரு இடத்துல சொல்றீங்க, ஃபோல்டர்னு ஒரு இடத்துல. இது மூணு பொருளா, ஒண்ணா?” என்றார். ஒன்றுதான். கட்டுரை வகுப்பில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கையேட்டில் அதற்கு நேர்மாறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல், கடைசி வரை அதே சொல். சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்று படிப்பவர் நினைப்பார், அப்படி நினைப்பதுதான் சரி.

அவரே இன்னொன்றும் சொன்னார். “இதெல்லாம் நன்னூல்லயே இருக்கே!” நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலின் முகப்பில் சொல்லவேண்டியவை எவை என்று பவணந்தியார் பட்டியலிட்டிருக்கிறார். நூலின் பெயர், செய்தவர் பெயர், எதைப் பற்றியது, யாருக்காக, என்ன பயன், எந்த நூலின் வழி வந்தது என்று எட்டுச் செய்திகள் அதில் உண்டு. என் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெயர் இருந்தது, நுதலிய பொருள் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. யாருக்காக என்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்தேன். நூலின் பத்துக் குற்றங்களை வைத்தும் பார்த்தோம். என் துண்டுச் சீட்டு குன்றக் கூறல். என் முதல் வரைவு மிகைபடக் கூறல். ஏன் இந்த நிரலை எழுத நேர்ந்தது என்று முக்கால் பக்கம் எழுதியிருந்தேன், அது மற்றொன்று விரித்தல். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணத்தை வைத்து லினக்ஸ் கையேட்டைத் திருத்திய இடம் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையாகத்தான் இருக்கும்.

கணினிப் பக்கச் சிக்கல்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், கணினி ஆசிரியர்களுக்குப் பயன்படும். கையேட்டுப் பக்கத்தைச் சாதாரண உரைக் கோப்பாகத்தான் எழுத வேண்டும். தலைப்பு, பத்தி, தடித்த எழுத்து போன்றவற்றுக்கு வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, ஓரிரு எழுத்துக் குறி இட வேண்டும். புள்ளியில் தொடங்கும் எந்த வரியையும் கணினி குறி என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான் கோப்புப் பெயரின் பின்னொட்டு புள்ளியில்தான் தொடங்குகிறது. அதை ஒரு வரியின் முதலில் எழுதினேன், அந்த வரியே பக்கத்தில் காணாமல் போனது. தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். சிறு கோடு இன்னொரு பொறி. கட்டளையில் வரும் கழித்தல் குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு இட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் அச்சாவது வேறு வகைக் கோடு. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். மாணவர் அதை நகலெடுத்து ஒட்டினால் கணினி ஏற்காது.

குறைகள் என்ற தலைப்பு

எல்லாவற்றையும் எழுதிவிட்டு ‘குறைகள்’ என்ற தலைப்புக்கு வந்தேன். எழுதினேன்: “இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளும் அழியும். எச்சரிக்கை வராது.”

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இன்னொரு ஆசிரியர் படிக்கப்போகிறார். படித்துவிட்டு, தெரிந்துகொண்டே ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? அப்பாவிடம் பதில் இருந்தது, கேஜை மாற்றப் பணம் வரவில்லை. என்னிடம் அந்தப் பதிலும் இல்லை. பத்து வரி எழுதினால் சரியாகிவிடும். எழுதாததற்குக் காரணம், எனக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை என்பது மட்டுமே.

அன்றிரவே நிரலைத் திருத்தினேன். இப்போது ‘சேமி’ எதையும் நீக்கும் முன் எத்தனை கோப்புகள் போகப்போகின்றன என்று காட்டி, ஆம் என்று தட்டினால்தான் நீக்கும். ‘எங்கிருந்து’ வெறுமையாக இருந்தால் எதையும் செய்யாமல் நின்றுவிடும். குறைகளில் இருந்த அந்த வரியை அழித்தேன்.

பிற்பாடு யூனிக்ஸ் வரலாற்றைப் படிக்கும்போது, அங்கும் இதேதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. கையேட்டின் புதிய பதிப்பு வரும் போதெல்லாம் பெல் ஆய்வகத்தில் நிரல்களைத் திருத்தும் வேலை மும்முரமாகிவிடுமாம். அசிங்கமான ஒன்றை எழுத்தில் வடித்த பிறகு, இதை எப்படி அச்சில் போடுவது என்று கூசி, நிரலையே மாற்றிவிடுவார்கள் என்று மெக்கில்ராய் சொல்லியிருக்கிறார். நிரல் முடிந்தபின் ஒட்டும் பெயர்ப்பலகை என்று கையேட்டை நான் நினைத்திருந்தேன். உண்மையில் எழுதும்போதுதான் நிரல் முடிகிறது. பாடம் நடத்தும் நமக்கு இது புதிதில்லை. பாடக்குறிப்பு எழுதும்போதுதானே, இந்த இடம் எனக்கே சரியாகப் புரியவில்லை என்று தெரியவருகிறது?

வாயை மூடிக்கொண்டு ஒரு தேர்வு

பக்கம் தயார் என்று நினைத்தேன். ‘சேமி’யைப் பார்த்தே இராத ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்தேன். ஒரு சோதனைக் கோப்புறையைக் கொடுத்து, இந்தப் பக்கத்தைப் படித்து நகலெடு, என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றேன். நானும் எதுவும் சொல்லக் கூடாது என்று எனக்கே விதி.

நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. அவள் வடிவத்தைப் படித்தாள். சதுர அடைப்புகளையும் சேர்த்து அப்படியே தட்டினாள். பிழை வந்தது. மறுபடி படித்தாள், மறுபடி அடைப்போடு தட்டினாள். என் வாய்வரை வந்த சொல்லை விழுங்கினேன். அவள்மேல் பிழை இல்லை. அடைப்பு என்றால் விருப்பம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? விளக்கத்துக்கு முன்னாலேயே ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்தேன். நம் ஆய்வகக் கோப்புறையின் உண்மையான பெயரோடு, அப்படியே தட்டக்கூடிய ஒரு வரி. சேமிக்க ஒன்று, திரும்பக் கொண்டுவர ஒன்று. அடுத்து வந்த மாணவன் நேராக எடுத்துக்காட்டுக்குப் போனான், செய்து முடித்துவிட்டுத்தான் மேலே படித்தான்.

எங்கள் பள்ளியில் இந்தப் பக்கம் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. கையேட்டுப் பக்கங்களை மொழிவாரியாகத் தனிக் கோப்புறைகளில் வைக்க லினக்ஸ் இடம் கொடுக்கிறது. கணினியின் மொழியைத் தமிழ் என்று அமைத்திருந்தால் ‘மேன்’ தமிழ்ப் பக்கத்தையே முதலில் தேடும். தமிழில் எழுதியபோது திரையில் வலது ஓரம் கோணலாக வந்தது, இடப்பக்கம் மட்டும் சீராக்கும்படி அமைத்துக்கொண்டேன். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் வேலையைக் ‘கணியம்’ இதழ் 2012 முதல் செய்து வருகிறது. ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் வந்த நூல்களை இலவசமாகவே பதிவிறக்கலாம். சொற்களுக்கு நான் முதலில் போய் நின்ற இடம் அதுதான்.

வகுப்பறைக்கு

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தாங்கள் எழுதிய ஒரு நிரலுக்கு ஒரு கையேட்டுப் பக்கம் எழுதுகிறார்கள். பிறகு பக்கங்களை மாற்றிக்கொள்வார்கள். வாங்கியவர் பக்கத்தை மட்டும் படித்து நிரலை இயக்க வேண்டும். எழுதியவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு, பக்கத்தைத் திருத்த வேண்டும். ஆளைத் திருத்தக் கூடாது.

முதல் ஆண்டு ஏறக்குறைய எல்லோரும் ‘குறைகள்: இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். வியப்பில்லை. குறையைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்றுதானே நாம் பழக்கியிருக்கிறோம்? ஒரே ஒரு பையன், “பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் என் நிரல் குழம்பும்” என்று எழுதியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்து, ஏன் கொடுத்தேன் என்று வகுப்பில் சொன்னேன். மறுநாள் அந்தக் குறையைத் தானே சரிசெய்துவிட்டு வந்து, “மிஸ், இப்போ அந்த வரிய எடுத்துடலாமா?” என்று கேட்டான். நான் அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதற்குக் கணினியைத் தேட வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒருவர், காகிதக் கப்பல் செய்வது எப்படி என்று எழுதட்டும். இன்னொரு குழந்தை அதைப் படித்து, எழுதியபடி மட்டும் செய்யட்டும். “மடி” என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கம் மடிப்பது என்று கை நிற்கும். அந்த நொடியில் எழுதிய குழந்தைக்குத் தெரியும், தன் மனத்தில் இருப்பது தாளில் இல்லை என்று. சிவப்பு மையில் நாம் எழுதும் குறிப்பைவிட அது ஆழமாகப் பதியும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் என்ன நடக்கிறது? ஆள் போகிறார், அவரோடு பள்ளியின் நினைவும் போகிறது. எந்தச் சாவி எந்த அலமாரிக்கு, தண்ணீர் மோட்டாரை எத்தனை நிமிடம் ஓட்டினால் தொட்டி நிரம்பும், எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் யாரை அழைக்க வேண்டும். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு கற்க வேண்டியிருக்கிறது. சில இடிகள் அவர்மேல் விழுவதில்லை, பிள்ளைகள்மேல் விழுகின்றன.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குள் உங்கள் பள்ளியில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், செய்யும் முறை, ஓர் எடுத்துக்காட்டு, குறைகள். குறைகள் என்ற தலைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதியதை அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த முறை அதைப் பற்றிப் பேசலாம்.

அந்த மீன் கணக்கு நிரலை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ‘சேமி’யின் கையேட்டில் ‘யாருக்காக’ என்ற இடத்தில், “இந்த ஆய்வகத்துக்கு எனக்குப் பின் வரும் ஆசிரியருக்கு” என்று எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டு நான் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். ஆய்வகத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தேன், கோப்புகள் எல்லாம் இருந்தன.